கணினி நலமாக இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டிய 48 இலக்கங்கள்

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் நான் மிகவும் அஞ்சுவது தண்ணீர் புகுந்த மடிக்கணினியை அல்ல. எந்தப் பழுதும் வெளியே தெரியாமல், நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுவிட்டு நிற்கும் மடிக்கணினியைத்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் அதன் மதர்போர்டை, அதாவது முதன்மைச் சுற்றுப்பலகையை, மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு விண்டோஸ் 11 அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கியிருந்தது. "நான் இப்படி எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவே இல்லையே, தம்பி" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு விண்டோஸ் 11-ஐத் தொடங்கிவைக்கும் பல கணினிகளில், வட்டில் உள்ள அனைத்தையும் பூட்டிவைக்கும் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கி, அதைத் திறப்பதற்கான அந்த 48 இலக்க எண், அதாவது பிட்லாக்கர் ரெக்கவரி கீ, அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆசிரியருக்குக் கணினி விற்ற கடைக்காரர் வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் தம்முடைய மின்னஞ்சலையே கொடுத்துத் தொடங்கிவைத்திருக்கிறார். அந்தக் கணக்கின் கடவுச்சொல் இன்று அவருக்கே நினைவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவிக் கணினியை ஓடவைத்துக் கொடுத்தேன். அதிலிருந்த பேரனின் படங்களை மீட்க என்னால் முடியவில்லை. அந்த எண் இல்லாமல் வேறு யாராலும் முடியாது.

ஆகவே, மீட்பு வசதிகளை அமைத்துத் தரும்படி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயக்கத்தில் இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை உலாவியில் திறந்து, உங்கள் சாதனத்தின் பெயருக்கு நேரே ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கங்களையும் அதனுடன் உள்ள அடையாள எண்ணையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கோப்பாகச் சேமித்துவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. மதர்போர்டை மாற்றினால் மட்டுமல்ல, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்த பிறகும் அந்த எண் கேட்கப்படலாம்.

அடுத்தது, விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். 2000-இல் விண்டோஸ் மில்லெனியம் பதிப்புடன் வந்த பழைய வசதி இது; ஆனால் இன்றைய பல கணினிகளில் இது அணைந்தே கிடக்கிறது என்பதைத் தேவை வரும்போதுதான் பலர் அறிகிறார்கள். ஸ்டார்ட் தேடலில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, சி டிரைவைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' வழியாகப் பாதுகாப்பை இயக்கி, வட்டில் 5 முதல் 10 சதவீதம் வரை இடம் ஒதுக்கினால் போதும். பிரிண்டரை இயக்கும் புதிய டிரைவர் மென்பொருள் ஒன்றை நிறுவியதும் கணினி தடுமாறினால், நிறுவுவதற்கு முந்தைய நிலைக்குச் செல்லலாம். உங்கள் ஆவணங்களை அது தொடாது. தொடாது என்பதற்கு மறுபக்கமும் உண்டு: அழிந்த ஆவணத்தை அது திருப்பித் தராது. இப்படிச் சேமிக்கப்படும் முந்தைய நிலைகளான ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அதே வட்டில்தான் இருப்பதால் வட்டு பழுதானால் அவையும் போய்விடும். பணம் பறிக்கும் ரான்சம்வேர் நிரல்கள் பலவும் முதலில் அழிப்பது அவற்றைத்தான். மேலும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் புதுப்பிப்புக்குப் பின் அவை 60 நாட்கள் வரைதான் வைத்திருக்கப்படுகின்றன. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியாக ஒரு வெளி வட்டில் நகல் எடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

விண்டோஸே கிளம்பாத நிலைக்கு, கணினியைக் கிளப்பி விண்டோஸைச் சரிசெய்ய உதவும் ரெக்கவரி டிரைவ் வேண்டும். குறைந்தது 16 ஜிபி கொண்ட பென் டிரைவ் தேவை. அதிலிருப்பவை அனைத்தும் அழிக்கப்படும் என்பதால் திருமணப் படங்கள் இருக்கும் பென் டிரைவை இதற்கு எடுக்காதீர்கள். உங்கள் கோப்புகளோ நீங்கள் நிறுவிய மென்பொருள்களோ இதில் சேராது. ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக உருவாக்கிக்கொள்ளுமாறு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைக்கிறது.

இவ்வளவும் செய்தவர்கள்கூடச் செய்யாமல் விடுவது ஒத்திகை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மீட்புத் திரை வரும். 'ரீசெட்' எதையும் தொடாமல், விசைப்பலகையும் மவுஸும் அங்கே வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு 'கன்டினியூ' கொடுத்து வெளியே வாருங்கள். இது வீண் சந்தேகமன்று. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்று, மீட்புத் திரையில் மட்டும் யுஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வரும்வரை, வழக்கமான திரையில் எல்லாம் சரியாக இயங்கியதால், அந்தக் கோளாறு தங்கள் கணினியில் இருப்பதை அறியவே பலருக்கு வாய்ப்பில்லை. பென் டிரைவையும் அதேபோல் ஒருமுறை செருகிக் கணினி அதிலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள். எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கான விசை சில நிறுவனங்களின் கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப் என்று மாறுவதால், உங்களுடையது எது என்று தெரிந்ததும் அதை அந்த 48 இலக்கங்கள் உள்ள தாளிலேயே குறித்துவிடுங்கள்.