மூன்றாவது மான்ஸ்டருக்கு யாரும் பயப்படுவதில்லை

ரோல்பிளேயிங் ஆட்டங்களை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை ஆட்டங்களை, நடத்திக் கொடுப்பதும், புதிய கேம் மாஸ்டர்கள் (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்கள்) எழுதும் சாகசங்களைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். வாளும் மந்திரமும் கலந்த கதை என்று வருகிறவற்றில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான்: அறைக்கு அறை மான்ஸ்டர்.

நானும் அப்படி நடத்தியிருக்கிறேன். ஒருமுறை எலும்புக்கூடுகள், ராட்சதச் சிலந்தி எல்லாம் முடிந்து, மூன்றாவதாகக் கண்ணில்லாத பாம்பு ஒன்றை இறக்கினேன். அதன் செதிலில் நீர் சொட்டுவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டக்காரர் அதைத் தாக்க இருபதுமுகப் பகடையை உருட்டி, "பதினேழு. பட்டுச்சா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்தப் பாம்பை வெறும் எண்ணாகப் பார்க்க நான்தான் அவரைப் பழக்கியிருந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்டின் வாள்வீரன் கோனன் 1932-ல் அச்சில் வந்த நாளிலிருந்தே இந்த வகைக் கதைகளில் எதிரிகள் பெரும்பாலும் மனிதர்கள்தான். திருடன், கூலிப்படைக்காரன், பூசாரி, அரசன். அவர்களுக்கு நடுவே இயற்கைக்குப் புறம்பான ஏதோ ஒன்று வரும். வருவது ஒன்றே ஒன்று என்பதால்தான் வயிற்றைக் கலக்கும். இந்த வகைக் கதைகளை ஆட்டமாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தது. 1977-ல் அதற்கு வந்த மான்ஸ்டர் தொகுப்பில் மட்டும் 350-க்கு மேல் இருந்தன. அருமையான புத்தகம். ஆனால் பட்டியல் கையில் இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக எடுத்துப்போடத் தோன்றும்.

ஒரு சாகசத்துக்கு ஒன்று போதும். அதன் பெயரையும் சொல்லாதீர்கள். 'ட்ரோல்' என்றதும், தீயால் அதைக் கொல்லலாம் என்று தெரிந்த யாராவது மேஜையில் தீப்பந்தத்தை எடுப்பார். அப்புறம் அங்கே பயத்துக்கு என்ன வேலை?

மீதி இடங்களில் மனிதர்களை வையுங்கள். மனிதன் பேரம் பேசுவான், காசு வாங்குவான், ஓடுவான், நம் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வான். பழைய விதிகளில் இருந்த மனவுறுதிச் சோதனையை நான் இன்றும் விடவில்லை. காவலாளியின் மனவுறுதி 7 என்று வையுங்கள். அவன் பக்கத்தில் முதல் ஆள் சாயும்போது இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 7-ஐத் தாண்டினால் ஓடிவிடுவான். 36-ல் 15 வாய்ப்பு அது. அந்த ஒற்றை மான்ஸ்டருக்கோ 12. இரண்டு பகடைகளால் 12-ஐத் தாண்ட முடியாது, அது ஓடாது. நான்கு செஷன்களாக எதிரிகள் ஓடுவதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஓடாத ஒன்று எதிரில் நிற்கும்போது விதியை விளக்க வேண்டியதில்லை.

அதையும் சட்டென்று காட்டிவிடாதீர்கள். சமீபத்தில் நடத்திய ஆட்டத்தில் நான்கு செஷன்களும் மனிதர்கள்தான். ஐந்தாவதில் ஒரு வறண்ட கிணறு. கூலிக்கு வந்த வீரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றை இழுத்தபோது லேசாக வந்தது. முடிச்சு அவிழவில்லை, இடுப்பளவு வளையம் அப்படியே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பகடையை யாரும் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒருவர் கேட்டார்: "கயிறு ஈரமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.