ஃபோம் ரோலர், மசாஜ் பந்து, மசாஜ் கன்: எங்கே, எவ்வளவு, எப்போது கூடாது

தொடையின் வெளிப்பக்கம் நீலம் பாரித்துக் கன்றிப்போய் கிளினிக்குக்கு வருபவர்கள் இப்போது அதிகம். அடியும் படவில்லை, விழவும் இல்லை. தசையின் மேல் வைத்து உருட்டும் நுரை உருளையான ஃபோம் ரோலரில், அதுவும் கெட்டியானதில், தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டியிருப்பார்கள். "நல்லா வலிச்சாத்தானே முடிச்சு உடையும்?" என்பதுதான் பதில். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

தசைக்குள் உடைக்க வேண்டிய முடிச்சு எதுவும் கிடையாது. தொட்டால் உருண்டையாகத் தட்டுப்படுவது, தளராமல் விறைத்து நிற்கும் தசையின் ஒரு பகுதி. அதைத் தளர விடுவதா, இறுக்கிப் பிடிப்பதா என்பதில் நரம்பு மண்டலத்துக்குத்தான் பெரும்பங்கு. மிதமான, மெதுவான அழுத்தம் தோலிலும் தசையிலும் உள்ள உணர்வு நரம்புகள் வழியாகப் போகும்போது வலி உணர்வு மட்டுப்படுகிறது, இழுத்தால் தாங்கும் அளவு கூடுகிறது. அதனால்தான் உருட்டி முடித்ததும் உடம்பு லேசாகத் தெரிகிறது. அந்த லேசு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கிவிடும். மாறாக, மூச்சைப் பிடிக்க வைக்கும் அளவு அழுத்தினால், உடம்பு அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு தசையை இன்னும் இறுக்கும். அதற்கு மேலும் போனால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கட்டும்.

அழுத்தத்தை அளக்கக் கருவி வேண்டாம். வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொண்டால் 4 அல்லது 5-ஐத் தாண்டக் கூடாது. பேச முடிய வேண்டும், மூச்சு சீராக ஓட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது.

கெண்டைக்கால்: முழுமையாக ஒருமுறை

ஒரு தசையைச் சரியாகச் செய்யப் பழகினால் மற்றவை தானாக வரும். கெண்டைக்காலை எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன் ஓர் அளவு எடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரில் தொட வையுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தி, கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டாலே எந்தப் பக்கம் இறுக்கம் என்று தெரிந்துவிடும்.

பிறகு தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ரோலரைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள். மறு கால் தரையில் ஊன்றியிருக்கட்டும். எடையைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் பிடி. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் ஓடும் தசைநாணை விட்டுவிட்டு, சதை தொடங்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி நொடிக்கு 2 முதல் 3 செ.மீ. வேகத்தில் உருட்டுங்கள். பலரும் இதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் உருட்டுகிறார்கள். அதில் தோல் சூடாவதைத் தவிர பெரிய பலன் இல்லை. முழங்கால் மடிப்புக்கு நாலு விரல் கீழே நின்றுவிடுங்கள். மடிப்புக்குள் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்பும் போகின்றன.

பாதத்தைச் சற்று உள்ளே திருப்பியும் வெளியே திருப்பியும் உருட்டினால் சதையின் இரண்டு பக்கமும் கிடைக்கும். வெளிப்பக்கம் போகும்போது மட்டும் கவனம் தேவை: முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் ஓர் எலும்புக் குமிழ் கையில் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான நரம்பு அதைச் சுற்றித்தான், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே அழுத்திக்கொண்டே இருந்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்குவதும் சிரமமாகலாம்.

வலிக்கும் புள்ளி கிடைத்தால் அதிலேயே அரைக்காமல் 20 முதல் 30 நொடி நிறுத்தி, பாதத்தை ஐந்தாறு முறை மேலும் கீழும் அசையுங்கள். வலி குறைந்துகொண்டே வர வேண்டும். கூடினால் அழுத்தம் அதிகம், அல்லது இடம் தவறு. ஒரு காலுக்கு 1 முதல் 2 நிமிடம் போதும். முடித்ததும் எழுந்து குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை 10 முறை மெதுவாகச் செய்துவிட்டு, சுவர் அளவை மறுபடி எடுங்கள். அளவு மாறவே இல்லை, நாலைந்து நாளாகியும் அப்படியே என்றால் சிக்கல் சதையில் இல்லாமல் கணுக்கால் மூட்டில் இருக்கலாம்.

மற்ற இடங்கள்

முதுகுக்கும் தோள்பட்டைக்கும் டென்னிஸ் பந்தே போதும். நீளமான காலுறைக்குள் போட்டு, மேல் நுனியைப் பிடித்துக்கொண்டால் பந்து நழுவாது. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையே வைத்துச் சுவரில் சாயுங்கள். அந்தப் பக்கக் கையை எதிர்த் தோளில் போட்டால் தோள்பட்டை எலும்பு விலகித் தசைக்கு வழிவிடும். பிறகு முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தாலே பந்து நகரும். முதுகெலும்பின் மீதே பந்து வரக் கூடாது.

இடுப்புக்கு மேலே, கீழ்முதுகில் ரோலரை வைத்து மல்லாந்து படுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதுகு பின்னோக்கி வளைந்து, தளர வேண்டிய தசை தற்காப்புக்காக விறைக்கிறது. பிட்டத்துத் தசையில் பந்து வைப்பதே பல நேரம் கீழ்முதுகுக்கு அதிக ஆறுதல் தரும். அங்கும் காலுக்குள் சுரீர் என்று இறங்கினால் பந்தை உடனே நகர்த்துங்கள்.

தொடையின் வெளிப்பக்கத்தில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஓடுவது தசை இல்லை, தடித்த நார்ப்பட்டை. ரோலரால் அதை நீளமாக்க முடியாது. அதை இழுத்துப் பிடிக்கும் பிட்டத்துத் தசையையும் முன்தொடையையும் உருட்டினாலே போதும்.

உள்ளங்காலுக்கு உட்கார்ந்தபடி பந்தை உருட்டுங்கள். எழுந்து நின்று முழு எடையையும் ஏற்ற வேண்டாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிப்பவர்கள், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துக் காலுறை போட்ட பாதத்தால் 5 முதல் 10 நிமிடம் உருட்டலாம்.

தலை வேகமாக முன்னும் பின்னும் அடித்துத் தசையைத் தட்டும் மின்கருவியான மசாஜ் கன்னில் தவறுகள் வேறு மாதிரி. அதை அழுத்தவே தேவையில்லை. அதன் எடை போதும். மிகக் குறைந்த வேகம், பெரிய உருண்டைத் தலை, ஒரு தசைக்கு அதிகபட்சம் 2 நிமிடம், ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்த்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்முனைத் தலையை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு, விலா, எலும்பு துருத்தும் இடங்கள் எதிலும் வைக்கக் கூடாது. கழுத்தில் பயன்படுத்திய பிறகு மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்ததும், அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதில் தசை நார்கள் சிதைந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் கழுத்துப் பிடிப்புக்கு அந்த அபாயம் தேவையற்றது.

இறுக்கம்போல் தெரியும், இறுக்கமாக இருக்காது

பின்தொடை மாதக்கணக்கில் இறுகியே இருக்கிறது, எவ்வளவு உருட்டினாலும் மறுநாள் அதே கதை என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். நாற்காலியில் கூனி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இழுப்பு தெரியும்வரை முழங்காலை நீட்டுங்கள். காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இழுப்பு சட்டென்று குறைகிறதா? பின்தொடைத் தசை கழுத்துவரை போவதில்லை; நரம்புதான் இரண்டையும் இணைக்கிறது. அப்படியென்றால் உருட்டுவதை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் முதுகையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கருவியைக் கையிலேயே எடுக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பல நாள் படுக்கை இவற்றுக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் காலின் ஆழத்தில் உள்ள ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்புண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை கிழிந்தோ தொடையில் பலமாக அடிபட்டோ இருந்தால், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லும்வரை அந்த இடத்தை உருட்டவே கூடாது. அடிபட்ட சதையை நீவினால் ரத்தக்கசிவு கூடும், சிலருக்கு உள்ளே எலும்பு படியவும் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள் (எலும்புத் தேய்மானம் என்று பொதுவாகச் சொல்லப்படும் மூட்டுப் பிரச்சினை வேறு), சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், காலில் நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் சுருள் நாளம் (வெரிகோஸ் வெயின்) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பாதம் மரத்தவர்களுக்கு 10-க்கு 5 என்ற அந்த வலி அளவே வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் உருட்டிய பிறகு தோலைக் கண்ணால் பார்த்துத்தான் காயம் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.