சுற்றுச்சூழல் மேலாண்மைச் செயல்திட்டம்: சொல் விளக்கம்

ஒரு தொழில் முயற்சி நிலத்தையும் நீரையும் மக்களையும் எவ்வாறு பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. கணித்த ஒவ்வொரு பாதிப்பையும் தவிர்க்கவோ குறைக்கவோ என்ன செய்யப்படும், யார் செய்வார், எப்போது, எவ்வளவு செலவில், செய்ததை யார் சரிபார்ப்பார் என்று எழுத்தில் பொறுப்பேற்கும் ஆவணம் ‘என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட் பிளான்’. அலுவலகப் பேச்சில் ‘இ.எம்.பி.’

‘என்விரான்மென்ட்’ என்பது சூழ்ந்திருத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ‘மேனேஜ்’ என்பதோ குதிரையைப் பழக்கி நடத்துவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. கையைக் குறிக்கும் இலத்தீனின் ‘மானுஸ்’ அதன் வேர். உலக வங்கி 1999-இல் வெளியிட்ட 4.01 எண்ணுள்ள கொள்கையின் இணைப்பில் இவ்வாவணத்தின் உள்ளடக்கத்தை வரையறுத்தது. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் மதிப்பீட்டு அறிக்கையில் இதற்கெனத் தனி இயல் கேட்கிறது.

ஆப்பிரிக்காவில், சாடு நாட்டின் தோபா எண்ணெய் வயல்களிலிருந்து கேமரூனின் கிரிபி கடற்கரை வரை சுமார் 1,070 கிலோமீட்டர் நீளத்திற்குக் குழாய் பதிக்க உலக வங்கி 2000-இல் ஒப்புதல் அளித்தபோது, மதிப்பீடும் மேலாண்மை ஆவணமும் சேர்ந்து 19 தொகுதிகளாக இருந்தன. இழக்கும் காட்டுக்கு ஈடாகக் கேமரூனில் காம்போ-மான், ம்பாம்-ஜெரெம் என இரு தேசியப் பூங்காக்கள் அமைந்தன. வெட்டப்படும் மாமரத்துக்கு என்ன விலை என்பதும் பெரும் சர்ச்சையாயிற்று. ஆவணம் பருத்திருப்பதே காப்பாகிவிடாது. எண்ணெய் வருவாயைச் செலவிடுவது பற்றிய உடன்பாட்டைச் சாடு அரசு மீறியதால், 2008-இல் வங்கி விலகிக்கொண்டது.

தமிழில் ‘சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம்’ என்பதே பெருவழக்கு. இதில் சிக்கல் கடைசிச் சொல்லில் இருக்கிறது: ‘புராஜெக்ட்’, ‘பிளான்’ இரண்டையும் நாம் திட்டம் என்றே சொல்வதால், ‘திட்டத்திற்கான மேலாண்மைத் திட்டம்’ என்று எழுத நேர்கிறது, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரும் உழவர், ஆலையைப் பற்றிய பேச்சா, அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைப் பற்றிய பேச்சா என்று திகைப்பார். இலங்கையில் ‘புராஜெக்ட்’டுக்குக் கருத்திட்டம் என்ற தனிச்சொல் உண்டு, சுற்றுச்சூழலுக்குச் சுற்றாடல் என்றும் மேலாண்மைக்கு முகாமைத்துவம் என்றும் அங்கு வழங்குவர். தமிழ்நாட்டு வழக்கில் முயற்சியைத் திட்டம் என்றே விட்டுவிட்டு, ஆவணத்தைச் ‘சுற்றுச்சூழல் மேலாண்மைச் செயல்திட்டம்’ என்பதே தக்கது என்பேன். ‘திட்டமாகச் சொல்’ என்றால் ஐயமறச் சொல் என்று பொருள். இன்ன வேலையை இன்னார் இந்தத் தேதிக்குள் செய்வார் என்று கூறாத ஏட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.