அடினோசின் டீஅமினேஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

நெஞ்சில் கோத்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், லேப் தாளில் 'ஏடிஏ' என்று ஒரு வரி இருக்கும். லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் காசநோயாக இருக்குமோ என்று டாக்டர் யோசிப்பார். அப்படிக் கூடுவதில் பெரும்பங்கு ஏடிஏ2 என்ற உறவு நொதியுடையது (நொதி என்றால் என்சைம், உடலின் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதம்). இங்கே பார்க்கப்போவது ஏடிஏ1, அதாவது அடினோசின் டீஅமினேஸ்.

கிரேக்கத்தில் 'அடென்' என்றால் சுரப்பி. 1885இல் ஆல்பிரெக்ட் கோசல் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அதனால்தான் அடினின் என்று பெயர். அதோடு ரைபோஸ் சர்க்கரை சேர்ந்தால் அடினோசின். 'டீ' நீக்கத்தைக் குறிக்கும். 'அமீன்' அமோனியாவிலிருந்து வந்தது. அமோனியாவுக்குப் பெயர் தந்தது எகிப்தியக் கடவுள் அமோனின் பெயர் தாங்கிய உப்பு. நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தேய்க்கும் நவச்சாரம்தான் அது! 'ஏஸ்' என்ற ஒட்டு, 1833இல் பிரான்சில் பாயெனும் பெர்சோவும் கண்டறிந்த டயஸ்டேஸிலிருந்து வந்தது.

வேலையும் பெயரில் உள்ளபடியேதான். அடினோசினின் அமீனைக் கழற்றி அதை இனோசினாக்கும், அமோனியா வெளியேறும். சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் குறைந்த அடினோசினான டிஆக்சிஅடினோசினையும் இப்படியே மாற்றும். இந்த நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால் டிஆக்சிஅடினோசின் தேங்கி, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய வெள்ளணுக்களான லிம்போசைட்டுகள் அழிகின்றன. சாதாரணக் கிருமிகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். இந்தத் தொடர்பை 1972இல் வெளிக்கொண்டுவந்தவர் அமெரிக்க ஆய்வாளர் எலோயிஸ் கிப்லெட்.

இதன் வடிவம் அழகானது. புரதச் சங்கிலியின் 8 பட்டைகள் வட்டமாக நின்று ஒரு பீப்பாய் ஆகின்றன. வெளியே 8 சுருள்கள். உள்ளே ஆழமான குழியில் ஒரு துத்தநாக அயனி. அது பிடித்துவைத்திருக்கும் நீர் மூலக்கூறுதான் அடினோசினைத் தாக்கி அமீனை விடுவிக்கிறது. அடினோசின் குழிக்குள் இறங்கியதும் வாயருகே உள்ள சுருளும் வளைவும் நெருங்கிவந்து மூடிக்கொள்கின்றன. வெளிநீர் உள்ளே வராது. சில மருந்து மூலக்கூறுகள் உட்கார்ந்தால் மட்டும் வாய் திறந்தே நிற்கும். இந்த நொதியின் படிகங்களில் திறந்தது, மூடியது என இரண்டு நிலைகளையும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, தமிழில்? 'ஹைட்ரஜன் நீக்கி' என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் 'அடினோசின் அமீன்நீக்கி' என்பதே பொருத்தம். நொதி என்று சேர்த்தாலும் சரி, இலங்கையில் சொல்வதுபோல் நொதியம் என்றாலும் சரி. அடினோசினை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். எல்லா செல்களிலும் இருக்கும் ஒன்றைச் சுரப்பியோடு சேர்த்துப் பெயரிட்டால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.