முட்டை ஓட்டுக்கு 5,000 பவுண்டு

"கிட்னி கல்லைக் கரைக்கும் என்று டிவியில் ஒரு பொடிக்கு விளம்பரம் வருகிறதே, நிஜமாகவே கரையுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதே மாதிரி ஒரு பொடியின் ரகசியத்துக்காக 1739-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,000 பவுண்டு ஒதுக்கியது.

அந்த ரகசியத்தை வைத்திருந்தவர் ஜோவானா ஸ்டீஃபன்ஸ் என்ற பெண்மணி. அன்று சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வேறு வழி கத்திதான், அதுவும் மயக்க மருந்து இல்லாமல். முதலில் மக்களிடம் வசூலித்துப் பார்த்தார்கள், தேறவில்லை. அப்புறம்தான் அரசு கொடுத்தது. அரசிதழான லண்டன் கெஜட்டில் செய்முறை வெளிவந்தது: முட்டை ஓடும் நத்தையும் சுட்ட பொடி, மூலிகைக் கஷாயம், சோப்பும் தேனும் சேர்ந்த மாத்திரை.

எனக்கு மிகப் பிடித்தது அந்தப் பொடிதான். நாக்கில் வைத்தால் சுரீரென்று காரம் ஏறும்வரை, குறைந்தது எட்டு மணி நேரம் ஓட்டைச் சுட வேண்டும். பிறகு உலர்ந்த அறையில் இரண்டு மாதம் மண்சட்டியில் திறந்து வைத்தால், தானே உதிர்ந்து பொடியாகும், காரமும் தணியும். நம்மூரில் கிளிஞ்சல் சுடும் காளவாயைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதில் 100 கிராமைச் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துபோய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தைக் குடித்துப் பூத்து நீறும். பறிகொடுத்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இரண்டு மாதமும் சட்டிக்குள் நடந்தது இதுதான்!

இது அன்று யாருக்கும் தெரியாது. கல்லைக் கரைக்க சிப்பிச் சுண்ணாம்பு நல்லதா, பாறைச் சுண்ணாம்பு நல்லதா என்று எடின்பரோவில் பேராசிரியர்கள் சண்டை போட்டார்கள். அங்கே படித்த ஜோசப் பிளாக் அதில் தலையிடாமல் வெள்ளை மக்னீசியாவை (மக்னீசியம் கார்பனேட் பொடி) எடுத்து, சுடுமுன்னும் சுட்டபின்னும் தராசில் நிறுத்தார். குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறியது என்று 1756-இல் எழுதினார். சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் ஆகிறதே, நம் மூச்சிலும் அதே வாயு (இன்று நாம் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு) என்று காட்டியவரும் அவர்தான். ரகசியத்தை வாங்க 5,000 பவுண்டு கிடைத்தது. தராசோடு உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்பவர்களுக்கு அன்றும் இன்றும் அப்படிப் பணம் கிடைப்பதில்லை. எனக்கு இதில் தீராத ஆற்றாமை.

சரி, கல் கரைந்ததா? சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும். அதில் யூரிக் அமிலக் கல் கரையக்கூடும். இன்றும் அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் தருகிறார்கள். கால்சியம் கல் இதற்கெல்லாம் அசையாது, பெரும்பாலானவர்களுக்கு வருவதும் அதுதான். ஸ்டீஃபன்ஸுக்காக முன்னின்று வசூலித்த டேவிட் ஹார்ட்லியே கல் நோயோடு சோப்பைத் தின்று தின்று 1757-இல் இறந்தார்.

ஆகவே நண்பரே, பொடி வாங்குமுன் உங்கள் கல் எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் துண்டு ஏதும் விழுந்தால் எறியாமல் லேபுக்குக் கொண்டுபோங்கள்.