அடித்து எழுதலாம், அழித்து எழுதக்கூடாது

பிள்ளையார் நோன்பு கும்பிடும் நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. புதுத்துணியிலிருந்து நாளுக்கு ஒரு நூல் உருவி வைப்பார்கள். கடைசி நாளில் 21 நூலையும் திரித்து இழை எடுத்துக்கொள்வார்கள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உருவிக்கொள்ளலாம் என்று எந்த ஆச்சியும் சொல்லி நான் கேட்டதில்லை.

கீமோ மருந்துகள் பலவற்றுக்கும் 21 நாள்தான் ஒரு சுற்று. புதிய புற்றுநோய் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் கிளினிக்கல் டிரையலில், ஒவ்வொரு சுற்றிலும் நடந்ததை அன்றன்றைக்கே எழுதியாக வேண்டும். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மதுரையில் நடக்கும் டிரையலில் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து ஏற்றிக்கொண்டு வீடு வந்த ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. அடுத்த முறை போகும்போது "ரெண்டு மூணு நாள் வயிறு சரியில்லை" என்று சொன்னால் போதாது. பக்கவிளைவுகளைத் தரம் பிரிக்கும் அளவுகோலின்படி, வழக்கத்தைவிட நாளுக்கு 4 முதல் 6 தடவை கூடுதலாகப் போனால் இரண்டாம் படி. 7 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் படி. மூன்றாம் படியில் மருந்தை நிறுத்தி வைக்கவோ அளவைக் குறைக்கவோ நேரலாம். 'வழக்கத்தைவிட' என்ற சொல்தான் இதில் முக்கியம். மருந்து தொடங்குமுன் அவருடைய வழக்கம் என்ன என்று யாரும் கேட்டு எழுதவில்லையென்றால், அப்புறம் எண்ணி என்ன பயன்?

கட்டியை அளப்பதில் தவற இன்னும் குறைவான இடமே உண்டு. ரெசிஸ்ட் என்ற விதிமுறைப்படி, ஸ்கேனில் குறித்து வைத்த சில கட்டிகளின் விட்டங்களைக் கூட்டுவார்கள். ஆச்சிக்குத் தொடக்கத்தில் 50 மி.மீ. மருந்து கேட்டு 34-க்கு இறங்கியது. 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பதால் ஓரளவு பலன் என்று குறிப்பார்கள். அடுத்த ஸ்கேனில் 41. முதல் ஸ்கேனைப் பார்த்தால் இப்போதும் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நோய் வளர்கிறதா என்று பார்க்க, இதுவரை கண்டதிலேயே சிறிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். 34-க்கு மேல் 7 மி.மீ. கூடியிருக்கிறது, அதாவது 20.6 சதவீதம். கூடுதல் 20 சதவீதத்தையும் எட்டி, 5 மி.மீ.க்கும் குறையாமல் இருந்தால் நோய் முற்றுகிறது என்று கணக்கு; பெரும்பாலும் மருந்து மாற்றப்படும். யாரோ ஒருவர் 41-ஐ 40 என்று தட்டிவிட்டாலோ அது 17.6 சதவீதம். அதே மருந்து தொடரும்.

அந்த 41 பல கைகள் மாறித்தான் வருகிறது. ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் எழுதுகிறார், டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார், டிரையல் பதிவுகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் அதைப் பார்த்து டிரையல் மென்பொருளில் ஏற்றுகிறார். 410 என்று அடித்தால் மென்பொருள் முரண்டு பிடிக்கும். 40 என்றால் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். மூல ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒருவர் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது.

புது மென்பொருள் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. எழுதும் தடவையைக் குறைப்பதுதான் வழி. மருத்துவமனைக் கணினியில் ஒருமுறை பதிந்த எண், மறுபடி யாரும் தட்டாமல் நேரே டிரையல் கணக்குக்குப் போக வேண்டும். அதற்காக எஃப்.எச்.ஐ.ஆர். போன்ற பொதுவான தரவு வடிவங்கள் இருக்கின்றன. திருத்தினால் பழைய எண், புதிய எண், யார், எப்போது, ஏன் எல்லாம் பதிவில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் செட்டியார்களின் ரங்கூன் கடையைப் பார்த்துக்கொண்டு ஊருக்குக் கணக்கு அனுப்பிய மேலாளுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. பேரேட்டில் அடித்து எழுதலாம், அழித்து எழுதக்கூடாது.

ஆனால் எந்தக் கணினியும் எட்டாத இடம் ஒன்று உண்டு. ஆச்சிக்கு நடுராத்திரி காய்ச்சல் வந்து காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். டிரையலில் இருப்பவர் இப்படி அட்மிட் ஆனாலே அது கடுமையான நிகழ்வு. இந்தியாவின் 2019 விதிகளின்படி, டிரையலை நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், டிரையலை நடத்தவைக்கும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். ராத்திரி டியூட்டி டாக்டருக்கோ டிரையல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரியவைப்பது ஆச்சியின் மஞ்சப்பையில் இருக்கும் ஒரு கார்டுதான்: மருந்தின் பெயர், கோஆர்டினேட்டரின் செல் நம்பர். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆச்சிக்கும் ஐயாவுக்கும் சாளேசரம்.