பதினேழாவது நொடியில் ஓடியவர்கள்

சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே வீடியோவை ரெண்டு விதமா எடிட் பண்ணிப் போட்டேன் சார். ஒண்ணு 240 வியூஸ், இன்னொண்ணு 1,900. அப்போ ரெண்டாவதுதான் நல்ல வீடியோவா?"

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ரீல்ஸோ ஷார்ட்ஸோ, வீடியோவை முதலில் ஒரு சின்னக் கூட்டத்துக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா என்று பார்த்துத்தான் அடுத்த கூட்டத்துக்கு அனுப்புகிறது. முதல் நூறு பேரில் தற்செயலாக நாலு பேர் கூடுதலாக நின்றாலே அடுத்த கூட்டம் பெரிதாகிவிடும். அது அதற்கடுத்ததைப் பெருக்கும். வியூஸ் எண்ணிக்கையில் வீடியோவின் தரமும் இருக்கிறது, வட்டிக்கு வட்டி போட்ட அதிர்ஷ்டமும் இருக்கிறது. போதாததற்கு, 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு வியூ என்று எண்ணிவிடுகிறது. கட்டைவிரல் போகிற போக்கில் தள்ளிவிட்டதும் கணக்கில் சேரும்.

பார்க்க வேண்டியது ரிடென்ஷன் கிராஃபை. ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று காட்டும், இறங்கிக்கொண்டே போகும் அந்தக் கோடு. எல்லோரும் இதைப் பார்க்கிறார்கள். பெரும்பாலானோர் தப்பாகப் பார்க்கிறார்கள்.

1693இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி) பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து ஓர் ஆயுள் அட்டவணை போட்டார். எந்தெந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு மிச்சம் என்ற பட்டியல். எல்.ஐ.சி. ஏஜென்ட் சொல்லும் பிரீமியத்துக்கு அடியில் இருப்பதும் இதே கணக்குதான். அறுபது வயதுக்காரர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணக்கிட, அவரோடு பிறந்த எல்லோரையும் வகுக்கும் எண்ணாக வைப்பதில்லை. அறுபதைத் தொட்டவர்களை மட்டும் வைத்து வகுப்பார்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர் மறுபடி சாக முடியாது.

வீடியோவுக்கும் அப்படியே. கணக்குக்காக 24 நொடி அத்தோ வீடியோ ஒன்றை 1,000 பேர் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது நொடியில் மிச்சம் 620. பன்னிரண்டில் 480. பதினேழில் 440. பதினெட்டில் 374. கோட்டைக் கண்ணால் பார்த்தால் ஆரம்பத்து 380 பேர் சரிவுதான் மலையிலிருந்து விழுந்த மாதிரி தெரியும். பதினேழாவது நொடியில் இருப்பது கவனிக்கத் தோன்றாத ஒரு சின்னப் படி. இப்போது வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, இருந்தவர்களில் நொடிக்குச் சுமார் 2.8 சதவீதம் பேர் கழன்றார்கள். பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் நடுவே அது 2 சதவீதத்துக்கும் கீழே. இவர்கள் விரும்பி உட்கார்ந்தவர்கள். பதினேழாவது நொடியில் 440 பேரில் 66 பேர் எழுந்து போனார்கள். பதினைந்து சதவீதம், ஒரே நொடியில்! பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை அங்கே ஏதோ விரட்டியடித்திருக்கிறது.

வீடியோவை 17இல் நிறுத்திப் பார்த்தால் காரணம் கிடைக்கும். பெரும்பாலும் அங்கே கடை பெயர், போன் நம்பர், லொகேஷன் எல்லாம் முழுத்திரை அட்டையாக வந்திருக்கும். அட்டை வந்தால் படம் முடிந்தது என்று விரலுக்குத் தெரியும். அட்டையைத் தூக்கிவிட்டு, முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைக்கிற காட்சி ஓடும்போதே முகவரியைச் சின்ன எழுத்தில் மேலே போட்டால் போதும். எழுத்து வைக்கும் இடமும் முக்கியம்: ரீல்ஸில் மேலே 14, கீழே 35, இரு பக்கமும் 6 சதவீதத்தைக் காலியாக விடச் சொல்வது இன்ஸ்டாகிராமின் முதலாளியான மெட்டா விளம்பரங்களுக்குத் தரும் அளவு. கீழே எழுதினால் கேப்ஷனும் பட்டன்களும் மறைத்துவிடும்.

இந்த வகுத்தல் கணக்கின் அழகே, இன்னொரு வீடியோவோடு ஒப்பிடாமலேயே ஓட்டை எங்கே என்று காட்டிவிடுவதுதான். முதல் மூன்று நொடிக்கு மட்டும் அது போதாது. எல்லா வீடியோவிலும் அங்கே கூட்டம் கொட்டத்தான் செய்யும், எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேள்வி. அதற்கு இரண்டு வெர்ஷன் வேண்டும். ஒன்றில் போர்டுக்கு முன்னால் நின்று "வணக்கம் மக்களே". இன்னொன்றில் பேசினுக்குள் கை இறங்கி நூடுல்ஸையும் முட்டைகோஸையும் புளித்தண்ணியோடு பிசைகிற குளோசப். நாலாவது நொடியிலிருந்து இரண்டும் ஒரே ஃபைலாக இருக்க வேண்டும். கேப்ஷன், கவர் படம், ஹேஷ்டேக் எதையும் மாற்றக் கூடாது. சத்தத்தைத் தனியாக ஒருமுறை பதிவு செய்து இரண்டிலும் அதையே போடுங்கள். ராஜாஜி சாலை பஸ் ஹாரன் ஒன்றில் மட்டும் விழுந்தால், நீங்கள் சோதிப்பது ஹாரனை.

இன்ஸ்டாகிராமில் 2024 டிசம்பரில் வந்த 'ட்ரையல் ரீல்ஸ்' இதற்குத் தோதானது. முதலில் ஃபாலோயர் அல்லாதவர்களுக்கே காட்டும். மச்சானும் சித்தப்பாவும் கடைசி வரை பார்த்து லைக் போட்டுக் கணக்கைக் கெடுக்க மாட்டார்கள். (அதே காரணத்துக்காக, லிங்க்கை ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.) 72 மணி நேரத்துக்குள் நன்றாகப் போனால் தானே எல்லோருக்கும் பகிரும் வசதி உண்டு, சோதனை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

எத்தனை பேர் பார்த்தால் நம்பலாம்? மூன்றாவது நொடியில் பாதிக்குப் பாதி நிற்கிற நிலவரத்தில் பத்து சதவீதப் புள்ளி வித்தியாசத்தை (50க்கும் 60க்கும் உள்ளது போல) கண்டுபிடிக்க வெர்ஷனுக்குச் சுமார் 400 பேர் வேண்டும். ஐந்து புள்ளிக்கு 1,600. வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நாலு மடங்கு. 200 பேரை வைத்து 55க்கும் 60க்கும் சண்டை போடுவது வீண். எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துவிட்டு அதுவரை தீர்ப்பு சொல்லாமல் இருக்க வேண்டும். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் தவறுக்கு ஐந்து சதவீதம் இடம் கொடுத்த ஒரு சோதனையை நடுநடுவே பத்து முறை எட்டிப் பார்த்து, ஜெயிக்கிற மாதிரி தெரிந்த இடத்தில் நிறுத்தினால், தவறின் வாய்ப்பு சுமார் 19 சதவீதமாகிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருக்கிறது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலைய வயல்களில் உரம் சோதித்தபோது எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைத் திருவுளச்சீட்டுப் போல முடிவு செய்தார். நல்ல மண் ஒரே பக்கம் சேரக் கூடாதே. இந்தத் தளங்கள் சீட்டுப் போடுவதில்லை. பிசைகிற வெர்ஷனைச் சாப்பாட்டுப் பிரியர்களிடமும் வணக்க வெர்ஷனை வேறு யாரிடமோ கொண்டுபோகும். காசு கட்டி மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் ஏ/பி டெஸ்ட் (கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வெர்ஷன் காட்டும் சோதனை) போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டும் போகாது. ஆனால் அந்தப் பாதிக்குள் யாருக்குக் காட்டுவது என்பதை மெட்டாவேதான் பொறுக்குகிறது. அதனால் ஒரே சோதனையை நம்பாமல் வேறு இரண்டு வீடியோக்களிலும் பிசைகிற தொடக்கம் ஜெயிக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு "ராத்திரி 7.12க்குப் போட்டால் ஓடும்" என்பவர்களுக்கு உளவியலாளர் ஸ்கின்னரின் புறாக்கள்தான் பதில். 1948இல் வெளியான சோதனை அது. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். எட்டுப் புறாவில் ஆறு, தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே சடங்காக்கிக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வடசென்னை மொட்டைமாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் வளைய நம்பர், விட்ட இடம், திரும்பிய நேரம் எல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். நல்ல நேரம் விற்கும் ரீல்ஸ் குருக்களைவிட அவர்கள் பெரிய விஞ்ஞானிகள் என்பது என் கட்சி.

கடைசி ஃப்ரேமில் கை பேசினுக்குள் இறங்கி, முதல் ஃப்ரேமோடு ஒட்டுகிற மாதிரி லூப் வெட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். யூடியூப் கிராஃப் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகும், ஒரே ஆள் இரண்டாம் முறை பார்ப்பதும் சேர்வதால். செத்தவர் எழுந்து வந்துவிட்டால் ஆயுள் அட்டவணை செல்லாது. அந்த வீடியோவில் நொடிக்கு நொடி வகுக்காமல், நின்று பார்த்தவர் எத்தனை, ஸ்வைப் செய்து போனவர் எத்தனை என்று யூடியூப் ஸ்டுடியோ காட்டும் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.